அவரால் முடிந்தது

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட நினைத்திருப்பாய். கிழிக்காமல் படிக்கிறாய் என்றால் பாதி மனது இன்னும் என் பக்கம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இருபது வருடத்துக்கும் மேல் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குடியிருந்தோம். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

விசாரணை மன்றத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கீழே சாவி செய்கிற கடை. பகலெல்லாம் அரம் உராய்கிற சத்தத்தில் பல் கூசுகிறது. ஜன்னலைத் திறந்தால் மன்றத்தின் பின்கதவு. காலையில் இவரை வண்டியில் கொண்டுவந்து அங்கேதான் இறக்குகிறார்கள். இறங்கும்போது ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார். பெல்ட் போட அனுமதி இல்லை. பார்க்கிறவர்களுக்கு வயிற்றுவலிக்காரர் மாதிரி இருக்கும். வாரம் இரண்டு சட்டை உள்ளே கொடுக்கலாம். நான்தான் துவைக்கிறேன். காலரில் இருக்கிற அழுக்கு போகவே மாட்டேன் என்கிறது.

வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். போரின் கடைசி வருடம் நம் ஊர்ச் சிறப்பு நீதிமன்றத்தில் இவர் எழுதிய தீர்ப்புகள். அதிலும் மாவு மில் பரணில் ஒளிந்திருந்து பிடிபட்ட பையன்கள் விஷயத்தைத்தான் தினமும் கிளறுகிறார்கள். "படைக்கு வராமல் ஒளிந்தால் சாவு என்று அவசரச் சட்டம் சொன்னது. பதினெட்டு நிரம்பாதவனுக்கு மட்டும் சிறை. சட்டம் என் கையைக் கட்டிப்போட்டிருந்தது" என்று இவர் நிமிர்ந்து நின்று சொல்கிறார். கேட்கிறவர்கள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இவரைக் கல் என்று நினைக்கிறார்கள்.

இவர் கல் இல்லை என்று உனக்குத் தெரியும். எட்டுப் பேரில் ஒருவன் உயிரோடு இருக்கிறானே, உன் மகன் சுருட்டை. அதை ஒரு தாய் வாயால் சொல்ல வேண்டும். நீ வர வேண்டும். இவர் வேண்டாம் என்கிறார். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுகிற பழக்கம் இவருக்கு எப்போதுமே கிடையாது.

பதில் எழுது.

அக்கா

*

பிப்ரவரி 14

அக்காவுக்கு,

கிழிக்கலை. மூணு நாள் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். பல் கிளினிக்ல டாக்டர் நோயாளி ஒருத்தரோட வாய்க்குள்ள குடைஞ்சிக்கிட்டிருக்கார், நான் எச்சில் உறிஞ்சற குழாயை மூக்குல கொண்டுபோய் வச்சிருக்கேன். "உனக்கு இன்னைக்கு என்ன ஆச்சு"ன்னார். உங்க கடிதாசின்னா சொல்ல முடியும்.

அக்கா, என்னை விட்டுடுங்க.

ஐயா செஞ்சதை நான் மறக்கலை. மறந்தா நான் மனுஷியே இல்லை. ஆனா வெளியே சொல்லச் சொல்றீங்களே, அதுதான் முடியலை. இந்த ஊர்ல ஏழு வீட்டுல பையன் இல்லை. என் வீட்டுல இருக்கான். எப்படி இருக்கான்னு யாரும் இதுவரைக்கும் வாய்விட்டுக் கேட்டதில்லை. 'சின்ன வயசுன்னு விட்டாங்களாம்'னு அவங்களே ஒரு காரணம் சொல்லிக்கிட்டாங்க. நானும் ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. அந்த ஏழுல பொடிசுன்னு ஒருத்தன், சுருட்டையோட சிநேகிதன், உங்களுக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ. அவன் அம்மா ரொட்டிக் கடையில வேலை பாக்கறாங்க. அவங்க முகத்தைப் பார்க்க முடியாம நான் ரெண்டு தெரு தள்ளிப் போய் ரொட்டி வாங்கறேன்.

சுருட்டைகிட்ட சொன்னேன். ரேடியோ ஒண்ணைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தான். தலை நிமிரலை. "நீ போய் அங்க நின்னா, திரும்பி வரும்போது நான் இருக்க மாட்டேம்மா"ன்னான். கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை. திருப்புளியைக் கேட்கிற மாதிரி சாதாரணமாச் சொன்னான்.

உடம்பைப் பார்த்துக்கங்க.

தங்கச்சி

*

பிப்ரவரி 22

தங்கச்சி,

உன் கடிதம் வந்தது. ரொட்டிக் கடைக்காரியின் முகத்துக்குப் பயப்படுகிறாய். என் முகத்துக்கு இல்லை.

எழுதக் கூடாது என்றிருந்ததை எழுதவைக்கிறாய். பையன்களைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள் விடிவதற்குள் என் சமையலறைக் கதவைத் தட்டியது யார்? செருப்புக்கூட இல்லாமல் வந்து நின்றது யார்? இவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நீ இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். இவர் கோப்பையை வைத்துவிட்டு, "எழுந்து வீட்டுக்குப் போம்மா" என்றார். சாயங்காலம் உன் மகனைச் சிறைக்கு அனுப்பினார்கள். மற்றவர்களைப் பள்ளிக்கூடச் சுவருக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு என்றைக்காவது நான் உன்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பேனா? நன்றி என்று ஒன்றைக் கேட்டிருப்பேனா?

இப்போது கேட்கிறேன். எதிர்த்தரப்பு சாவைக் கேட்கிறது.

உன் மகன் கோபித்துக்கொள்வான் என்கிறாய். கோபித்துக்கொள்ள உனக்கு ஒரு மகன் இருக்கிறான்.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

வர்றேன். டாக்டர்கிட்ட லீவு சொல்லிட்டேன். உங்க அறையில தங்க மாட்டேன், சாட்சிகளுக்குன்னு விடுதி இருக்காம், அங்கேயே இருந்துக்கறேன்.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். கேட்டதுக்குப் பதில் சொல்வேன். ஐயாவைப் பத்தி இல்லாத பொல்லாததைச் சொல்ல மாட்டேன். ஆனா கையை உயர்த்தி உண்மைன்னு சொல்லிட்டு அதுக்கப்புறம் என்னால பொய் சொல்ல வராது. யோசிச்சுக்கங்க. வேண்டாம்னு தோணினா ஒரு தந்தி குடுங்க.

தங்கச்சி

*

மார்ச் 19

நீ ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய்.

அன்று நீ என்ன செய்தாய் என்று உனக்குப் புரிந்ததா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால் எழுதிக் காட்டுகிறேன். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன், மொழிபெயர்ப்பு கேட்கிற ஹெட்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு.

நம் வக்கீல் கேட்டவரைக்கும் நன்றாகத்தான் போனது. தெருவில் எதிரே வந்தால் குழந்தைக்குக்கூட ஒதுங்கி வழிவிடுவார் என்றாய். உன் புருஷன் போர்முனையில் செத்தபோது இவர்தான் முதலில் வந்தார் என்றாய். அந்த நடு நீதிபதி, வழுக்கைத் தலையர், முதல் தடவையாக இவரை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மூச்சு வந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீலம்மா எழுந்தாள். கத்தவில்லை, மிரட்டவில்லை. உன் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி பேசினாள்.

"பிடிபட்ட அன்று உங்கள் மகனுக்கு என்ன வயது அம்மா?"

"பத்தொன்பதுங்க."

"தீர்ப்பில் பதினேழு என்று இருக்கிறதே. நீதிபதிக்கு உண்மையான வயது தெரியாதோ?"

'தெரியாது' என்ற ஒரு சொல் போதும். நீ தண்ணீர் கேட்டாய். குடித்தாய். "தெரியும்ங்க. எனக்கு வலி வந்தன்னைக்கு வண்டி பிடிச்சு ஆஸ்பத்திரியில சேர்த்ததே ஐயாதான்" என்றாய்.

"சட்டம் என் கையைக் கட்டியிருந்தது என்று அவர் சொல்கிறார். உங்கள் மகன் விஷயத்தில் அந்தக் கட்டு என்ன ஆனது?"

"எனக்குத் தெரியலைங்க."

"அப்படியென்றால், நினைத்தால் அவரால் முடியும்?"

"முடிஞ்சுதுங்க" என்றாய்.

இவர் தலை குனிந்ததை முப்பது வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். பாம்புக்குப் பால் வார்த்தோம் என்று ஊரில் சொல்வார்களே, அதை நான் உனக்குச் சொல்லவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

*

ஏப்ரல் 1

அக்காவுக்கு,

என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா அதுக்கப்புறம் அந்தம்மா கேட்டதை நீங்க எழுதலை. விட்டுட்டீங்க. நான் எழுதறேன்.

"அதே நாள், அதே கோர்ட்டில் இன்னொரு தாய் தன் மகனுக்குப் பதினேழுதான் என்று சொன்னாரா?"ன்னு கேட்டாங்க. சொன்னாங்கன்னேன். நான் வராந்தாவுல நின்னுக்கிட்டிருந்தேனே. பொடிசோட அம்மா வெறும் கையை நீட்டிக்கிட்டு, "பதினேழுதான் சாமி, போன மாசம்தான் பதினேழு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அது நிஜம். எங்களுக்கெல்லாம் தெரியும்.

"நீதிபதி என்ன சொன்னார்?"

"பிறப்புப் பதிவு அலுவலகம் குண்டு விழுந்து எரிஞ்சுபோச்சு, அதனால அதை நிரூபிக்க வழி இல்லைன்னார்."

"உங்கள் மகனுக்கு?"

"பதிவு அலுவலகம் எரிஞ்சுபோச்சு, அதனால சந்தேகத்தின் பலனைப் பையனுக்குக் குடுக்கறேன்னார்."

அதோட அந்தம்மா உக்காந்துட்டாங்க. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு சும்மாவா சொன்னாங்க. வெண்ணெய் வச்ச கண்ணு என்னோடது. அதை நான் எப்படி மூடிக்கறது சொல்லுங்க.

வெளியே வந்தா படிக்கட்டுல பொடிசோட அம்மா நிக்கறாங்க. அவங்களும் சாட்சி சொல்ல வந்திருந்தாங்க போல. அடிப்பாங்கன்னு நினைச்சு நின்னுட்டேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். கிட்ட வந்து மெதுவாக் கேட்டாங்க:

"நீ எந்தக் கதவைத் தட்டினே?"

"சமையலறைக் கதவை"ன்னேன்.

"எனக்கு அவர் வீடு எந்தத் தெருன்னுகூடத் தெரியாதே"ன்னாங்க.

தலையை ஆட்டிக்கிட்டே இறங்கிப் போயிட்டாங்க. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்க, இல்லையா அக்கா? வந்திருந்தா ஐயா என்ன செஞ்சிருப்பார்? நீங்க அவரோட இத்தனை வருஷம் வாழ்ந்தவங்க. எனக்குச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்தேன். சுருட்டை சொன்னதைச் செஞ்சுட்டான். நான் பேசினதை ரேடியோவுல கேட்டிருக்கான். சட்டைத்துணி எடுத்துக்கிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போயிருக்கான். எல்லைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலைக்கு ஆள் சேர்க்கறாங்களாம், அதுல சேர்ந்துட்டான்னு தபால்காரர் சொன்னார். அந்த வேலைக்கு யாரும் போறதில்லை, அதனால யார் போனாலும் எடுத்துக்கறாங்க.

கிளினிக்குக்கு வர்றவங்க கொறைஞ்சுட்டாங்க. டாக்டர் ஒண்ணும் சொல்லலை. ஆனா முன்னெல்லாம் பேசிக்கிட்டே வேலை செய்வார்.

நீங்க கேட்டதுக்காக வந்தேன். நீங்க சொன்ன நன்றியைச் செலுத்தத்தான் வந்தேன். அதுவும் இப்படி ஆச்சு.

தங்கச்சி

*

ஜூன் 30

தங்கச்சி,

இருபது வருடம். சாவு இல்லை. தீர்ப்பைப் படித்து முடிக்க ஒரு பகல் ஆனது. 'தன்னால் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது' என்று ஒரு வரி வந்தது. அப்போது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மன்றம் கலைந்த பிறகு வக்கீல் என் எதிரே வந்து நின்றார். "அந்தச் சாட்சி மட்டும் வராமல் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று அவர் இரண்டு முறை சொல்லியிருந்தார். இவரும் வேண்டாம் என்றார். அது அடக்கம் என்று நினைத்தேன். பிடிவாதம் பிடித்து அழுது உன்னைக் கூப்பிடவைத்தது நான்தான்.

உன்னைத் திட்டி எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஆனால் இதையும் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கா

*

அக்டோபர் 11

தங்கச்சி,

நான் எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நீயும் எழுதவில்லை. நான் இப்போது என் தம்பி வீட்டில் இருக்கிறேன். இவரைப் பார்க்கச் சிறைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று தம்பிக்குத் தெரியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னைத் தவிர யாரிடம் சொன்னாலும் புரியாது.

மாதம் ஒரு முறை பார்க்க விடுவார்கள். நீளமான மேசை, நடுவில் பலகைத் தடுப்பு, கோடியில் காவலர் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். போன தடவை இவரிடம் நான் மனதில் இருந்ததைச் சொன்னேன். "மற்ற தீர்ப்புகளைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அந்தப் பையனை விட்டீர்களே, அதை நினைத்துத்தான் நான் உங்களோடு இருந்தேன். அதை நினைத்துத்தான் இனியும் இருக்கப்போகிறேன்" என்றேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது ஒரு சறுக்கல்" என்றார்.

"எது?"

"நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்து நான் செய்த ஒரே தவறு அது. பக்கத்து வீட்டுக்காரி அழுதாள் என்பதற்காகப் பதினேழு என்று எழுதினேன். அதைச் செய்யாமல் இருந்திருந்தால் இவர்களால் என்னைத் தொட்டிருக்கவே முடியாது. சட்டம் முழுவதும் என் பக்கம் நின்றிருக்கும். எட்டும் ஒழுங்காக இருந்திருக்கும்."

எட்டும் ஒழுங்காக. அப்படித்தான் சொன்னார். கணக்கில் ஒரு பிசகைச் சொல்கிற குரல்.

நான் கொண்டுபோன சட்டைகளை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உன் கேள்வி ஒன்று என்னிடம் இருந்தது. பொடிசின் அம்மா கதவைத் தட்டியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டாய். அவள் எங்களுக்குப் பழக்கமில்லாதவள். யாரம்மா நீ என்று கேட்டிருப்பார். நான்தான் கதவைச் சாத்தியிருப்பேன்.

சுருட்டையிடமிருந்து தகவல் உண்டா?

அக்கா

*

நவம்பர் 20

அக்காவுக்கு,

உங்க கடைசிக் கடிதாசிக்கு ரெண்டு வருஷம் கழிச்சுப் பதில் எழுதறேன். கோவத்துல இல்லை. எழுத ஒண்ணும் இல்லாம இருந்தது, அப்புறம் எழுத முடியாம இருந்தது.

ஐயா வந்துட்டார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். புது அரசாங்கம் பழசை மறந்துடலாம்னு முடிவு பண்ணிடுச்சு, நிர்வாகம் தெரிஞ்சவங்க வேணுமாம். பேப்பர்ல மன்னிப்புன்னு போடலை, நல்லிணக்கம்னு போட்டிருந்தான். இருபது வருஷம் நாலு வருஷம் ஆயிடுச்சு. பக்கத்து வீட்டுல தனியா இருக்கார். காலையில அவர் இருமறது சுவர் வழியாக் கேக்குது. தெருவுல மொதல்ல ஒருத்தரும் பேசலை. இப்ப நகராட்சிக்காரங்க வந்து போறாங்க. போற போக்குல வணக்கம் சொல்றாங்க.

போன வாரம் பல்வலின்னு கிளினிக்குக்கு வந்தார். காத்திருக்கிற பெஞ்சுல ஏற்கனவே பொடிசோட அம்மா, கன்னம் வீங்கி, துணியால கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வேற எங்கயும் போக முடியாத வலி போல, இல்லேன்னா நான் இருக்கிற எடத்துக்கு வருவாங்களா. ஐயா அவங்க பக்கத்துல போய் உக்காந்தார். யாருன்னு தெரியலை அவருக்கு. வலிக்குதாம்மான்னு கேட்டார். கிராம்புத் தைலம் வச்சுப் பாத்தீங்களான்னார். நான் அடுத்தவங்களைக் கூப்பிடக் கதவைத் திறந்தேன். அவங்க முன்னாடியே வந்திருந்தாலும், அந்த நேரம் ஐயாவுக்குத்தான் சொல்லி வச்சிருந்தது. "இந்தம்மா முதல்ல போகட்டும், எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை"ன்னார்.

அவங்க எந்திரிக்கலை. அவரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் எந்திரிச்சு, கட்டின துணியோட வெளியே போயிட்டாங்க. "பயந்துட்டாங்க போல, பாவம்"ன்னார் ஐயா.

நாற்காலியில படுக்க வச்சேன். கழுத்துல துணி கட்டினேன். டாக்டர் ஊசியை எடுக்க உள்ளே போயிருந்தார். ஐயா மேலே வெளக்கைப் பார்த்துக்கிட்டே கேட்டார்:

"பையன் எப்படிம்மா இருக்கான்?"

"நல்லா இருக்கான்யா"ன்னேன்.

"என்ன செய்யறான்?"

"வெளியூர்ல வேலை."

"ம்"ன்னார். வாயைத் திறந்தார்.

அக்கா, சுருட்டை போன வசந்தத்துலயே போயிட்டான். எல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தாங்களாம். அவனோட வேலை செஞ்ச பையன் ஒருத்தன் வந்து சொன்னான். மத்தவங்க எல்லாரும் வெளியே வந்தப்புறம் ஒரு மூலை பாக்கின்னு இவன் மட்டும் திரும்பிப் போனானாம். கொண்டுவர ஒண்ணும் இல்லைன்னு சொன்னான். இதைத்தான் எழுத முடியாம இருந்தேன்.

அவர்கிட்ட ஏன் சொல்லலைன்னு வீட்டுக்கு வந்து யோசிச்சேன். இரக்கமா இருக்கும்னு நீங்க நினைக்கலாம். இல்லை. சொன்னா, எட்டும் ஒழுங்கா ஆயிடுச்சுன்னு நினைச்சுடுவாரோன்னு பயம். அந்த ஒரு பிசகாவது அவர் கணக்குல அப்படியே கிடக்கட்டும்.

பல்லைப் புடுங்கினப்புறம் வாயைத் துடைச்சுவிட்டேன். என் வேலை அது. போகும்போது உங்களுக்கு எழுதுவியான்னு கேட்டார். எழுதினா அவளை வரச்சொல்லுன்னார். சொல்லிட்டேன்.

தங்கச்சி

*

டிசம்பர் 5

தங்கச்சி,

சுருட்டை என்று பேர் வைத்தது நான்தான். ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, இது என்னடி இவ்வளவு சுருட்டை என்றேன். நீ சிரித்தாய், தையல் வலிக்கிறது, சிரிக்கவைக்காதீங்க என்றாய். உன் கடிதம் வந்ததிலிருந்து அதுதான் காதில் இருக்கிறது. வேறு எதுவும் எனக்கு எழுதத் தெரியவில்லை. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அவன் போயிருக்க மாட்டான். நீ அதை எழுதவில்லை. நீ எழுதாததை நான் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் நான் அந்த வீட்டுக்கு வருகிறேன். இவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தம்பி மனைவி என் தட்டைத் தனியாகக் கழுவிவைக்கத் தொடங்கிவிட்டாள். பிள்ளைகளின் பள்ளியில் நான் யார் என்று கேட்டார்களாம். வேலை தெரியாது, வயதும் போய்விட்டது. போவதற்கு எனக்கு அந்த ஒரு கதவுதான் இருக்கிறது. இவருக்குச் சமைத்துப் போடுவேன். இவர் இருமினால் மருந்து கொடுப்பேன். ராத்திரி அதே அறையில் படுப்பேன். பையன் எப்படி இருக்கிறான் என்று இவர் கேட்டால், நல்லா இருக்கானாம் என்பேன். அந்தப் பொய்யில் உன்னோடு நானும் இருக்கிறேன்.

நீ என்னோடு பேச வேண்டாம். வாசலில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள். நான் பழக்க தோஷத்தில் ஏதாவது கூப்பிட்டுவிட்டாலும் பதில் சொல்லாதே.

பக்கத்து வீட்டுக்கு யாரும் தபால் போடுவதில்லை. அதனால் இதுதான் கடைசி.

அக்கா